டெக்சாஸில் வளர்ப்புப் பெற்றோர் உரிமம்: போதகர் கடிதத்தில் நின்றுபோன எங்கள் விண்ணப்பம்

டெக்சாஸில் ஃபாஸ்டர் கேர், அதாவது பெற்றோரைப் பிரிந்த குழந்தைகளைத் தற்காலிகமாக வீட்டில் வைத்து வளர்ப்பதற்கான உரிமம் பற்றி விசாரிக்கும் நம்மவர்கள் பயிற்சி வகுப்பையும் கைரேகைச் சோதனையையும் நினைத்தே மலைக்கிறார்கள். அவை எங்களுக்குச் சிரமமாக இல்லை. எங்களை நிறுத்தியது விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம்.

ஹூஸ்டன் புறநகரில் வீட்டுக்கு அருகில் இருந்ததால் நாங்கள் அணுகிய முகமை ஒரு கிறிஸ்தவ அமைப்பு. அறிமுகக் கூட்டத்தில் மதம் பற்றி எவரும் பேசவில்லை. வருமானச் சான்று, மருத்துவச் சான்று, தமிழ்நாட்டில் பதிந்த திருமணச் சான்றிதழின் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு என அனைத்தையும் செலவு செய்து சேர்த்த பிறகுதான், கணவன் மனைவி இருவரும் கையொப்பமிட வேண்டிய விசுவாச அறிக்கையும் (கிறிஸ்தவ நம்பிக்கையை ஏற்கிறோம் என்ற உறுதிமொழி) சபைப் போதகரின் பரிந்துரைக் கடிதமும் தேவை என்றார்கள். பியர்லாந்து மீனாட்சி கோயிலில் எங்களை நெடுநாளாக அறிந்தவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு நேரில் சென்றேன். அலுவலகத்தில் இருந்த பெண்மணி அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், தங்கள் விதிக்கு அது பொருந்தாது என்று புன்னகையோடு திருப்பித் தந்தார். வேறு எங்கே போகலாம் என்று கேட்டதற்குத் தமக்குத் தெரியாது என்றார்.

அவர் மறுத்தது சட்டப்படி செல்லும். தெரியாது என்று அனுப்பியதுதான் செல்லாது. 2017இல் நிறைவேறி அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் எச்.பி. 3859 என்ற மாநிலச் சட்டம், தன் மத நம்பிக்கைக்கு முரணான சேவையை மறுக்கும் முகமையின் உரிமத்திலோ ஒப்பந்தத்திலோ அரசு கைவைக்கக் கூடாது என்கிறது. ஆனால் அதே சட்டம், அப்படி மறுக்கும் முகமை, பிற முகமைகளின் பட்டியல் உள்ள அரசுத் துறையின் இணையப் பக்கத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், அல்லது வேறொரு முகமைக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மனிதவளச் சட்டத்தொகுப்பின் 45ஆம் அத்தியாயத்தைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். தெரியாது என்றவர்களிடமிருந்து மறுநாளே பட்டியலின் இணைப்பு வந்தது!

இந்தியர்கள் என்பதால் ஒதுக்கிவிட்டார்கள், புகார் கொடுங்கள் என்று நண்பர்கள் தூண்டினார்கள். இனம், நிறம், பிறந்த நாடு ஆகியவற்றைக் காரணம் காட்டி வளர்ப்புப் பெற்றோரை மறுப்பதைத்தான் 1994ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது; அந்தப் பட்டியலில் மதம் இல்லை. எங்களுக்குத் தெரிந்த நாகர்கோவில் சி.எஸ்.ஐ. குடும்பம் ஒன்று அதே முகமையில் சிக்கலின்றி உரிமம் பெற்றிருக்கிறது. எனவே அந்தப் புகார் நிற்காது. மதத்தைக் காட்டி முகமைகள் மறுக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது என்பவர்கள் 2021இன் ஃபுல்டன் வழக்கைச் சொல்கிறார்கள். அது ஒருபாலினத் தம்பதியரை ஏற்க மறுத்த பிலடெல்பியா கத்தோலிக்க முகமையைப் பற்றியது. ஒன்பது நீதிபதிகளும் முகமையின் பக்கமே நின்றாலும், பாகுபாடு கூடாது என்ற விதிக்கு விதிவிலக்கு அளிக்க நகர ஒப்பந்தத்திலேயே இடம் இருந்தது என்ற குறுகிய காரணத்தின் மேல்தான் அந்தத் தீர்ப்பு நிற்கிறது. எங்களைப் போல மதத்தால் மறுக்கப்பட்டவர்களுக்கு நெருக்கமானது டென்னசியின் நிலைமை: அங்கு 2020இல் இதே வகைச் சட்டம் வந்தது, 2022இல் ஒரு யூதத் தம்பதியர் வழக்குத் தொடுத்தனர்.

பட்டியலில் இருந்த, மதச் சார்பற்ற ஒரு முகமையில் பயிற்சி, வீட்டாய்வு, மருந்துப் பெட்டிக்குப் பூட்டு எல்லாம் முடிந்து உரிமமும் வந்துவிட்டது. வீட்டாய்வில் மதம் பற்றி ஒரே கேள்விதான் கேட்டார்கள்: வரும் குழந்தை சர்ச்சுக்குப் போக விரும்பினால் அழைத்துச் செல்வீர்களா? தன் மதத்தைப் பின்பற்றுவது குழந்தையின் உரிமை என்பதால் நியாயமான கேள்வி, தயங்காமல் ஒப்புக்கொண்டோம்.

விண்ணப்பிக்க இருப்பவர்கள் முதல் தொலைபேசி அழைப்பிலேயே விசுவாச அறிக்கை உண்டா என்று கேட்டுவிடுங்கள். மறுத்தால் எழுத்தில் வாங்குங்கள். எந்த ஆவணத்தின் அசலையும் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள்: எங்கள் மொழிபெயர்ப்பின் அசல் பழைய முகமையின் கோப்பில் இன்னும் கிடக்கிறது, அடுத்த முகமைக்காக மறுபடியும் பணம் கட்டி இன்னொன்று எடுத்தோம்.