அப்பா பிறந்த தேதி

சீன மொழியில் ஆசிரியர் என்று பொருள்பட நாம் லாவ்ஷி என்றே அழைத்தவர் போய்விட்டார் என்று நம் பள்ளி நண்பர்களின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தபோது ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இரவு பதினொரு மணி. வரிசையாகக் கைகூப்பிய படங்கள். நடுவில் ஒருவன் கேட்டிருந்தான்: "வயது என்ன?" யாருக்கும் தெரியவில்லை. லாவ்ஷி இருந்திருந்தால் நம் அத்தனை பேரையும் எழுப்பி நிற்க வைத்திருப்பார்.

1986, சிங்கப்பூர், உயர்நிலை மூன்று. சமயக் கல்வி கட்டாயம். இந்து சமயப் பாடம் எடுக்க நம் பள்ளியில் ஆள் இல்லாததால் தமிழ்ப் பையன்கள் மூவரும் கன்பூசிய நன்னெறி வகுப்பின் கடைசி வரிசைக்கு வந்து சேர்ந்தோம். கோ கெங் சுவீ கல்வி அமைச்சராக இருந்தபோது வெளிநாட்டுப் பேராசிரியர்களை வரவழைத்து உருவாக்கிய பாடம். சீனப் பையன்கள் பலர் பௌத்தத்துக்கு ஓடிவிட்டார்கள். சிக்கியது நாங்கள்.

அரசன் அமைச்சன், தந்தை மகன், கணவன் மனைவி, அண்ணன் தம்பி, நண்பனும் நண்பனும். ஐந்து உறவுகளையும் லாவ்ஷி கரும்பலகையில் எழுதியதும், "நாலுல ஒருத்தன் மேல, ஒருத்தன் கீழ" என்று முணுமுணுத்தேன். அந்தக் காதுதான் உங்களுக்குத் தெரியுமே. "மேலே இருப்பவனுக்குத்தான் பாரம் அதிகம்" என்றார், திரும்பாமலேயே.

ஒரு நாள் கன்பூசியஸின் மொழிகளைத் தொகுத்த லுன் யூவின் நான்காம் அதிகாரம். பெற்றோரின் வயது நினைவில் இருக்க வேண்டும். அது ஒரு பக்கம் மகிழ்ச்சி, ஒரு பக்கம் அச்சம். விளக்கிவிட்டு, ஒவ்வொருவரிடமும் அப்பா பிறந்த தேதியைக் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குத் தெரியவில்லை. மணி அடிக்கும்வரை நின்றேன். அவர் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை.

வீட்டில் அப்பா சட்டையில்லாமல் தமிழ் முரசு படித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் அலமாரியிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். 1-1-1931.

"ராஜுலா கப்பல்ல வந்து எறங்கினப்ப கேட்டாங்க. வருசப் பொறப்பா இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

"நெசமா எப்பப்பா?"

"ஐப்பசி அடைமழையில பொறந்தேன்னு ஆத்தா சொல்லும்."

மறுநாள் வகுப்பில், "ஜனவரி 1" என்றேன். புத்தாண்டா என்று லாவ்ஷி சிரித்தார். நான் உண்மையைச் சொல்லவில்லை. ஆடு திருடிய தகப்பனை மகன் காட்டிக்கொடுக்காததில்தான் நேர்மை இருக்கிறது என்று கன்பூசியஸ் சொன்னதைப் பிறகு படித்தபோது, பாடத்திட்டப்படிதான் நடந்திருக்கிறேன் என்று நிம்மதி. 1989இல் சமயக் கல்விக் கட்டாயத்தைக் கைவிடுவதாக அரசாங்கமே அறிவித்துவிட்டது.

பெற்றோர் இருக்கும்வரை தொலைதூரம் போகாதே, போனால் போகுமிடம் உறுதியாக இருக்கட்டும். அதுவும் அதே அதிகாரம்தான். 1997இல் நான் இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டேன். பெர்த் முகவரியை அப்பாவுக்குக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைத் தொலைபேசிக்கு மேலே ஒட்டிவைத்தார். ஐந்து மணி நேர விமானம்தானே என்று எல்லாரிடமும் சொன்னேன். ஞாயிறுதோறும் பேசுவோம். "அங்க மழையா?" என்பார். வேறென்ன கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை.

அவர் போனபோது நான் வந்து சேர்வதற்குள் மற்றதெல்லாம் ஏற்பாடாகியிருந்தது. முரசுக்கான மரண அறிவித்தல் மட்டும் எனக்காகக் காத்திருந்தது. தோற்றம், மறைவு என்று இரண்டு வரி. தங்கை பேனாவை நீட்டி, "அப்பா பொறந்த தேதி தெரியுமாண்ணே?" என்றாள்.

யோசிக்காமல் எழுதினேன். 1-1-1931.