ஆறு எழுத்துக்குள் ஒரு டிஸ்க்: எம்விஎஸ் 3.8ஜே குறிப்புகள்

ஐபிஎம் மெயின்ஃப்ரேமைச் சாதாரணக் கணினியில் போலச் செய்யும் ஹெர்குலிஸ் எமுலேட்டரில், எம்விஎஸ் 3.8ஜே என்ற பழைய ஐபிஎம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஓட்டுகிறேன். அதற்கு இந்த வாரம் புதிய 3350 வகை டிஸ்க்குகள் சேர்த்தேன். ஒவ்வொன்றிலும் 555 சிலிண்டர், சிலிண்டருக்கு 30 டிராக், மொத்தம் சுமார் 317 எம்பி. ஹெர்குலிஸின் டாஸ்ட்இனிட் கட்டளைக்கு ஃபைல் பெயர், டிஸ்க் வகை, வால்யூம் சீரியல் (டிஸ்க்கின் பெயர், சுருக்கமாக வால்சர்) மூன்றும் கொடுத்தால் டிஸ்க் தயார். நேரம் பிடித்தது அந்த சீரியலை முடிவு செய்யத்தான்.

வால்சருக்கு அதிகபட்சம் ஆறு எழுத்து. ஸ்க்ராட்ச், ப்ரைவேட், மைக்ரேட் ஆகியவற்றின் ஆறெழுத்துச் சுருக்கங்களையும், எல் எழுத்தோடு ஐந்து எண்கள் வருவதையும் ஜேசிஎல் (சிஸ்டத்துக்கு வேலைகளைக் கொடுக்கும் மொழி) கையேடு தவிர்க்கச் சொல்கிறது. அவை சிஸ்டம் தனக்கென வைத்திருப்பவை.

டிவைஸ் முகவரியைப் பெயரில் வைக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். 180-இல் இருக்கும் டிஸ்க்கை நாளை 190-க்கு மாற்றினாலும் சிஸ்டம் டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதியிருக்கும் லேபிளைப் படித்து அடையாளம் கண்டுகொள்ளும். எந்த ஃபைல் எந்த டிஸ்க்கில் என்று சொல்லும் கேட்டலாக்கில் இருப்பது வால்சரும் டிஸ்க் வகையும்தான், முகவரி அல்ல. பெயருக்குள் 180 என்று எழுதிவிட்டால் அன்றிலிருந்து அந்தப் பெயர் பொய் சொல்லும். அதைத் திருத்தப் போனால் கேட்டலாக், ஜேசிஎல் எல்லாவற்றையும் தொட வேண்டும். முகவரிக்குச் சரியான இடம் ஹோஸ்ட் மெஷினில் உள்ள ஃபைலின் எக்ஸ்டென்ஷன். அங்கே மாற்ற ஒரு நிமிடம் ஆகாது.

கடைசியில் முதல் மூன்று எழுத்து வேலைக்கு, அடுத்த மூன்று எண் வரிசைக்கு என்று வைத்தேன். சோர்ஸ் கோடுக்கு எஸ்ஆர்சி001, தற்காலிக வேலைக்கு டபிள்யூஆர்கே001. எழுத்தும் எண்ணும் இடம் மாறாததால் கன்சோலில் பார்க்கும்போது 'ஓ'வா பூஜ்யமா என்ற சந்தேகமே வராது. எண்களின் இடத்தில் எழுத்தைக் கலக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு: மெயின்ஃப்ரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கில் எழுத்துகள் எண்களுக்கு முன்னால் வரும். எஸ்ஆர்சி00ஏ என்று ஒன்று இருந்தால் பட்டியலில் அது எஸ்ஆர்சி001-க்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும்.

கம்ப்ரஸ் செய்யாத இமேஜை ஹெக்ஸில் திறந்தும் பார்த்தேன். சிலிண்டர் 0, டிராக் 0, மூன்றாவது ரெகார்டு. 'வால்1' என்பதற்கான ஈ5 டி6 டி3 எஃப்1, அதை ஒட்டி ஈ2 டி9 சி3 எஃப்0 எஃப்0 எஃப்1. டிஸ்க்கின் மொத்த அடையாளமும் இந்த ஆறு பைட்தான்! பார்க்கவே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

டிஸ்க் ஃபைலை அப்படியே காப்பி செய்தால் இந்த ஆறு பைட்டும் சேர்ந்தே வரும். ஒரே வால்சரோடு இரண்டு டிஸ்க் சிஸ்டத்தில் ஆன்லைனில் இருக்க முடியாது என்பதால், காப்பியை ஹெர்குலிஸின் கான்ஃபிகில் சேர்க்காமல் தனி டைரக்டரியில் வைக்கிறேன். லேபிளை மட்டும் மாற்றிப் பயனில்லை, கேட்டலாக் பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருக்கும்.

அடுத்து, சிஸ்டம் அமைப்புகள் இருக்கும் பார்ம்லிப்பில் உள்ள வாட்லிஸ்ட்: எந்த டிஸ்க்கை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் பட்டியல். ஒவ்வொரு கட்டமும் நிலையானது: முதல் ஆறு வால்சருக்கு, எட்டாவது மவுன்ட் பண்புக்கு, பத்தாவது பயன்பாட்டுக்கு. சோர்ஸ் டிஸ்க்குகளுக்குப் பத்தாவதில் 2, அதாவது ப்ரைவேட். பெயர் சொல்லிக் கேட்டால் ஒழிய அதில் எதுவும் வந்து விழாது. தற்காலிக டிஸ்க்குகளுக்கு 1, பப்ளிக். முதல் மூன்று எழுத்தைப் பார்த்தே இந்த எண்ணைப் போட முடிகிறது, வேறு பட்டியல் தேவைப்படவில்லை.

பழைய டிஸ்க்கில் கிடக்கும் சோர்ஸ் டேட்டாசெட்களை (எம்விஎஸ்ஸில் ஃபைல்களுக்கான பெயர்) எஸ்ஆர்சி001-க்கு நகர்த்தி, மறுபடி கேட்டலாக் செய்வது பாக்கி.