கத்தியைத் தாங்கும் கச்சை: நாகாலாந்தில் நான் தேடிப் பார்த்தது

நாகாலாந்து போய்வந்தவர்கள் சால்வையைப் பற்றித்தான் பேசுவார்கள். என் கண் போனது ஆட்டக்காரர்களின் முதுகுப் பக்கம்.

கோஹிமாவிலிருந்து 12 கி.மீ. தள்ளியிருக்கும் கிசாமாவில், வருடந்தோறும் டிசம்பர் 1 முதல் 10 வரை, நாகர் பழங்குடிகள் ஆடிப் பாடும் ஹார்ன்பில் திருவிழா. இருவாச்சி இறகு, காட்டுப்பன்றிக் கொம்பு என்று எல்லோருடைய கேமராவும் தலைக்கட்டையே சுற்றிவரும். ஆட்டக்காரர் திரும்பி நிற்கும்போது பாருங்கள்: இடுப்புக்குப் பின்னால் ஒரு மரக்கட்டை, அதில் செருகிய தாவ். அந்தக் கட்டையும் அதைக் கட்டும் பட்டையும் சேர்ந்ததைத்தான் கச்சை என்கிறேன்.

தாவ் என்பது நாகர்களின் வெட்டுக்கத்தி. பிடிப் பக்கம் குறுகி, நுனிப் பக்கம் அகன்றிருக்கும். நம் அரிவாளின் வளைவு அதற்குக் கிடையாது. காடு திருத்த, மூங்கில் பிளக்க, இறைச்சி வெட்ட எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். தலைவேட்டைக் காலத்தில் தலை கொய்யவும் அதுவேதான்.

நாகர்களில் ஒரு பிரிவான கொன்யாக் மக்களின் குடிலில் இருந்த ஒரு பெரியவர் தன் கச்சையை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். உறை என்றால் கத்தியை முழுக்க மூடும் என்றுதானே நினைப்போம்? இது பாதி உறை. ஒரே கட்டையைக் கத்தி நுழையும் அளவுக்குக் குடைந்திருக்கிறார்கள். மரம் உடம்போடு ஒட்டி நிற்கிறது, வெளிப்பக்கம் திறப்பு. கத்தி விழாமலிருக்கக் குறுக்கே பிரம்புப் பட்டைகள் மட்டும். காட்டில் வேலை முடிந்ததும் ஈரக் கத்தியை அப்படியே செருகிக்கொள்ளலாம், காற்றிலேயே காய்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. குடைந்த பள்ளம் வழவழவென்று கறுத்திருந்தது. வெளி விளிம்பில் சின்னதாக ஒரு மனிதத் தலை. மூக்கு பாதி தேய்ந்துபோயிருந்தது.

கட்டையை இடுப்போடு கட்டும் பட்டை இன்னொரு வித்தை. பிரம்பிலும் உண்டு, பருத்தியிலும் உண்டு. சிலவற்றில் வரிசையாகச் சோழி தைத்திருப்பார்கள். மரம் செதுக்குவதும் பிரம்பு பின்னுவதும் ஆண்கள் வேலை. துணிப்பட்டை என்றால் பெண்கள் இடுப்புத் தறியில் நெய்தது. தறியின் ஒரு முனையைச் சுவரிலோ கம்பத்திலோ கட்டி, மறுமுனையை இடுப்பில் மாட்டி, பின்னால் சாய்ந்து இழுத்தபடியே நெய்கிறார்கள். அந்தச் சோழியும், கழுத்தில் போடும் சங்கும் கடலே இல்லாத இந்த மலைக்குக் கைமாறிக் கைமாறி வந்தவை. மன்னார் வளைகுடாவில் நம்மவர்கள் மூழ்கியெடுத்த சங்கு வங்காளம் வரை போன கதை தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

கோஹிமா அரசு அருங்காட்சியகத்தையும் பார்த்தேன். அங்கே எல்லாம் கண்ணாடிக்குள் பூட்டியிருக்கிறதே என்று சின்ன வருத்தம். ஹட்டன், மில்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரிகள் இங்கே சேகரித்த ஆயிரக்கணக்கான நாகர் பொருட்கள் ஆக்ஸ்ஃபோர்டில், பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு கொன்யாக் இளைஞர் தன் தாத்தா காலத்துக் கச்சை எப்படி இருந்தது என்று பார்க்க இங்கிலாந்துக்கு விசா எடுக்க வேண்டுமா? எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

திருவிழாக் கடைகளில் விற்கும் கச்சைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வார்னிஷ் பளபளக்கும், செதுக்கல் தூக்கலாக இருக்கும், சிவப்பு ஆட்டுமயிர் தொங்கும். ஆனால் பள்ளத்தில் ஒரு நிஜக் கத்தியைச் செருகிப் பாருங்கள், பலவற்றில் பாதிகூட இறங்காது. சுவரில் மாட்டத்தான் அவை. வயலுக்குப் போகிறவர் இடுப்பில் இருப்பதில் அலங்காரமே இருக்காது, வெறும் கட்டையும் பிரம்பும்தான். எனக்குப் பிடித்தது அதுதான், அப்படி ஒன்றைத்தான் வாங்கினேன்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். மாநிலத்துக்குள் நுழைய இந்தியர்களுக்கும் இன்னர் லைன் பெர்மிட் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும், ஆன்லைனிலேயே எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், விமானத்தில் திரும்புவதாக இருந்தால் கத்தியைக் கைப்பையில் வைக்காதீர்கள். செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும். கச்சை மட்டும் என்றால் கையிலேயே எடுத்து வரலாம்.