பழைய குறியை நம்பாதீங்க: பம்ப் டைமிங் வைத்த நாலு நாள்

10.6.2024, திங்கள்
லாரியின் டீசல் பம்ப், அதாவது டீசலை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்புகிற பம்ப், சர்வீஸ் முடிந்து வந்து மாட்டி மூன்று நாள் ஆகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் கண் எரிகிற வெள்ளைப் புகை, நாமக்கல்லில் எங்கள் பட்டறை வாசலே தெரியவில்லை. லோடு ஏற்றினால் இழுவை சுத்தமாக இல்லை, எஞ்சின் சூடும் ஏறுகிறது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில்தான் காரணம் என்கிறார் டிரைவர் தம்பி. ஆறையும் கழற்றி டெஸ்டரில் போட்டோம், ஆறும் நன்றாகவே அடிக்கின்றன. எனக்கு டைமிங் மேல்தான், அதாவது பம்ப் டீசல் அடிக்கிற நேரத்தின் மேல்தான் சந்தேகம்.

11.6.2024, செவ்வாய்
இன்று மெக்கானிக் அண்ணன் வந்தார். முதலில் வால்வு கவரைத் திறந்து 6-ஆம் சிலிண்டர் வால்வு இரண்டும் சேர்ந்து ஆடுகிற இடத்தைப் பிடித்தார், அப்போதுதான் 1-ஆம் சிலிண்டரின் பிஸ்டன் காற்றை அழுத்தி முடித்து (கம்ப்ரஷன்) மேலே நிற்கும். அப்புறம் பம்ப்பில் 1-ஆம் சிலிண்டருக்கு டீசல் போகிற லைனின் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு வளைந்த குழாய் ஒன்றை மாட்டி, ஆக்சிலேட்டர் லீவரை முழுக்க இழுத்துக் கட்டி, என்னை ஹேண்ட் பிரைமர் (கையால் டீசல் ஏற்றும் சின்ன பம்ப்) அடிக்கச் சொன்னார். எஞ்சினோடு சுற்றுகிற, டிகிரி குறித்த பெரிய சக்கரமான பிளைவீலைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய், எஞ்சின் ஓடும் திசையிலேயே மெல்ல நெம்பிக்கொண்டு வந்தார். நூலாக ஓடிய டீசல் மெலிந்து, சொட்டாகி, குழாய் நுனியில் ஒரு துளி தொங்கிக்கொண்டு நின்றதே, அதுதான் பம்ப் டீசலை அழுத்த ஆரம்பிக்கிற இடம். பிளைவீலில் பார்த்தால் கையேட்டில் சொன்ன இடத்தைத் தாண்டி 4 டிகிரி லேட்!

முதல் தடவை நான் நெம்பியபோது தாண்டிப் போய்விட்டது, அப்படியே பின்னால் திருப்பப் பார்த்தேன், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். கியர் பற்களுக்கு இடையில் இருக்கிற தளர்வு கணக்கைக் கெடுத்துவிடுமாம். தாண்டினால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி முன்னால்தான் வர வேண்டும்.

12.6.2024, புதன்
லேட்டுக்குக் காரணம் கிடைத்தது. சர்வீஸில் பம்ப்புக்குள் டீசலை அழுத்தும் தண்டைத் தூக்குகிற டேப்பட்டை அட்ஜஸ்ட் செய்திருக்கிறார்கள், அதனால் டீசல் அழுத்தத் தொடங்கும் இடமே மாறிவிட்டது. நாங்கள் பம்ப்பை எஞ்சினோடு இணைக்கிற கப்ளிங்கில் இருந்த பழைய உளிக்குறியை நேராக வைத்து மாட்டிவிட்டோம். பம்ப்பைத் திறந்து வேலை பார்த்தால் பழைய குறி செல்லாது, சொட்டுப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

பிளைவீலைச் சரியான டிகிரியில் நிறுத்தி, கப்ளிங் போல்ட்டைத் தளர்த்தி, பம்ப் ஷாஃப்டை மட்டும் சொட்டு நிற்கும்வரை திருப்பினோம். பம்ப் எஞ்சினில் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது, ஆகவே பம்ப்பில் திருப்பியது 2 டிகிரிதான், போல்ட் ஓட்டையில் மயிரிழை மாதிரி நகர்ந்தது. 2000 ஆர்பிஎம்மில் எஞ்சினின் ஒரு டிகிரி என்பது நொடியில் 12,000-இல் ஒரு பங்கு. அதில் நாலு தப்பியதற்கா இத்தனை புகை!

சரியாகிவிட்டது, டைமிங்கை இன்னும் கொஞ்சம் முன்னால் வைத்தால் இழுவை கூடுமே என்று தம்பி கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். எஞ்சின் டொக் டொக் என்று அடிக்கும், பிஸ்டனும் பேரிங்கும்தான் அடி வாங்கும்.

13.6.2024, வியாழன்
அதே லோடோடு சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறினோம். போன வாரம் இரண்டாம் கியரில் முனகிய இடத்தை மூன்றிலேயே தாண்டியது. பட்டறைக்குத் திரும்பியதும் பழைய உளிக்குறியை அரம் வைத்துத் தேய்த்துவிட்டு, புதுசாக வெட்டி மஞ்சள் பெயின்ட் தொட்டு வைத்தோம்.