போவதும் செய்வதும்

2011 பிப்ரவரியில் தாராவியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குச் சென்றபோது, ஒரு வீட்டு வாசலில் நான் பயன்படுத்திய வினைச்சொல் இன்றும் என்னை உறுத்துகிறது. "நீங்க வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டேன். சட்டைக் குவியலுக்கு நடுவே அமர்ந்து, சிறு கத்தரியால் நூல் பிசிறுகளை வெட்டிக்கொண்டிருந்த அந்த அம்மா, தலை நிமிராமலே, "இல்ல டீச்சர், வீட்லதான் இருக்கேன்" என்றார். "அவ எங்கயும் போறதில்ல" என்று மாமியாரும் உள்ளிருந்து சொன்னார். வேலை செய்யாதவர், வீட்டுக் கடமைகள் என்று குறித்துவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்ந்தேன்.

படிவம் கேட்டது அதுவல்ல. கடந்த ஓராண்டில் எப்போதாவது வேலை செய்தாரா என்பதே கேள்வி. ஆறு மாதமோ அதற்கு மேலோ செய்திருந்தால் முதன்மைத் தொழிலாளர். குறைவாகச் செய்திருந்தால், அந்த ஆண்டுப் படிவத்தில் மூன்று மாதத்துக்கு மேலா கீழா என்று இன்னொரு பிரிப்பும் உண்டு. 'செய்தாரா' என்பதை என் வாய் 'போறீங்களா' என்று மாற்றிக்கொண்டது. நம் பேச்சில் வேலை என்பது படி தாண்டிப் போவதுதானே.

சொன்னதை எழுதுவதுதான் கணக்கெடுப்பவரின் கடமை, கண்ணால் கண்டதை வைத்து மாதக்கணக்கை நானாக இட்டிருந்தால் அதுவும் பிழைதான் என்று பலமுறை சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால், பெண்களிடம் துருவிக் கேளுங்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள், நான் துருவவில்லை.

பின்னர் பழைய கணக்கெடுப்புகளின் வரையறைகளைத் தேடிப் படித்தபோது ஒவ்வொன்றிலும் அந்த அம்மாவை உட்கார வைத்துப் பார்த்தேன். 1951இல் அவர் 'சம்பாதிக்கும் சார்ந்திருப்பவர்', அதாவது கொஞ்சம் சம்பாதித்தாலும் அது தன் பிழைப்புக்குப் போதாதவர், ஆகியிருக்கலாம். 1961இல், முந்தைய பதினைந்து நாட்களில் ஒரு நாள் வேலை செய்திருந்தாலும் தொழிலாளர்தான். 1971இல் முதன்மையான செயல்பாடு எது என்று முதலில் கேட்டார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்வதே முதன்மை என்று சொன்ன பெண்கள் தொழிலாளர் எண்ணிக்கைக்கு வெளியே போக, வேலை செய்யும் பெண்களின் விகிதம் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. வயலிலோ குடும்பத் தொழிலிலோ ஊதியமின்றிச் செய்யும் வேலையும் இதில் சேரும் என்று 1991இல் கேள்விக்குள்ளேயே எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மேலே திருத்தித் திருத்தி எழுதிய அந்த வாக்கியத்தை நான் ஒரு வாசலில் கலைத்துவிட்டேன் என்றே தோன்றுகிறது. ஒரு வாசல்தானா என்பதும் உறுதியில்லை. அந்தச் சந்தில் வேறு எத்தனை பெண்களிடம் 'போறீங்களா' என்று கேட்டேன் என்பது நினைவில் இல்லை.

மார்ச் முதல் வாரச் சரிபார்ப்புச் சுற்றில் மீண்டும் அங்கே போனேன். குவியலில் இப்போது குழந்தைகளின் சட்டைகள். கேட்டிருக்கலாம். வீட்டில் புதிதாகப் பிறப்போ இறப்போ உண்டா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றவர், "என் பேரு ஏறிடுச்சா டீச்சர்?" என்றார்.

"ஏறிடுச்சும்மா" என்றேன்.