முனை மழுங்கிய சிக்னல்

ஜிபிஎஸ் ஸ்பூஃபிங் (போலி சிக்னல்), ஜாமிங் (இரைச்சலால் சிக்னலை அடைப்பது) பற்றி நிறையப் பேசுகிறோம். இரண்டுமே வெளியாள் செய்யும் வேலை. சாட்டிலைட்டே கோணலாக அனுப்பினால்? 1993-இல் எஸ்விஎன் 19 என்ற ஜிபிஎஸ் சாட்டிலைட் அப்படித்தான் அனுப்பியது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, தரைநிலையம் அளந்த பிழையைக் கழிக்கும் திருத்தம் போட்ட பிறகும் உயரம் 2 முதல் 8 மீட்டர் வரை பிசகியது.

திருத்தம் ஏன் கைகொடுக்கவில்லை? ரிசீவர் தன்னிடமுள்ள குறியீட்டு வரிசையை (code) சாட்டிலைட்டிலிருந்து வந்த வரிசையோடு ஒட்டிப் பார்க்கும்போது பொருத்தம் ஓட்டுக்கூரை மாதிரி முக்கோணமாக எழும். உச்சியை அது நேரே தேடுவதில்லை. இரு சரிவிலும் சம உயரமுள்ள புள்ளிகளைப் பிடித்து, நடுவை உச்சி என்று கொள்ளும். அந்த வரிசையின் ஒரு துண்டுதான் சிப்; ஒரு சிப் 293 மீட்டர். சிப்பின் விளிம்பு 0.12 சிப் (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ கணக்கில் எடுக்கும் எல்லை) தள்ளிப்போனால் கூரைமுனை 35 மீட்டருக்குத் தட்டையாகிவிடும். அனலாக் கோளாறென்றால் (சிப்பின் விளிம்பில் அதிர்வு) சரிவே நெளியும். நெளிந்த கூரையில் 0.1 சிப் இடைவெளியில் புள்ளிகளைப் பிடிக்கும் ரிசீவர் காணும் நடு வேறு, 1 சிப் ரிசீவர் காணும் நடு வேறு. தரையில் ஒன்று, விமானத்தில் மற்றொன்று இருந்தால் பிழை கழியாது.

கண்டுபிடிக்கும் வழி, பல புள்ளிகளில் அளப்பதுதான்: ±0.025, ±0.05, ±0.1 சிப். முன்புள்ளியிலிருந்து பின்புள்ளியைக் கழித்து, உச்சியின் இருமடங்கால் வகுக்க வேண்டும். பிறகு, தெரியும் எல்லா சாட்டிலைட்டுகளின் இடைநிலை மதிப்பையும் கழிக்க வேண்டும். இதை விட்டால் கத்திரி வெயிலில் ஃபில்டர் சூடாகி எல்லாமே சேர்ந்து நகர்வதை சாட்டிலைட் கோளாறு என்று நினைத்துவிடுவோம்.

வீட்டில் முயல்வோருக்கு: ரிச்சி தெரு ரக மலிவு ரேடியோ டாங்கிள் உதவாது. அதன் அலைவரிசை அகலம் 2.4 மெகாஹெர்ட்ஸ்தான், நெளிவோ 4 முதல் 17 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வு. ஃபில்டரே கூரையை வழவழப்பாக்கிவிடும். ஆன்டெனாவும் அகலப்பட்டை வகையாக இருக்க வேண்டும்.

மொட்டைமாடித் தகரக் கொட்டகை, ஏசி பெட்டி எதிரொலிகளும் இதே நெளிவைக் காட்டும். பிரித்தறிய ஒரு சோதனை: மறுநாள் சுமார் 4 நிமிடம் முன்னதாக அதே நெளிவு வந்தால் எதிரொலி. தொலைதூர நிலையங்கள் ஒரே சமயத்தில் கண்டால் சாட்டிலைட். ககன் அமைப்புக்குச் (ஜிபிஎஸ் பிழையைத் திருத்தி அனுப்பும் இந்திய அமைப்பு) சென்னையில் குறிப்பு நிலையம் இல்லை. பெங்களூரு, திருவனந்தபுரம்தான் நமக்குப் பக்கம்.

மார்ச், செப்டம்பரையொட்டிய மாதங்களில் அந்தி சாய்ந்ததும் அயனமண்டலம் (மேல் வளிமண்டலத்தின் மின்னேற்ற அடுக்கு) வழியே வரும் சிக்னல் மினுங்கும். அப்போது எல்லாப் புள்ளிகளும் சேர்ந்தே தாழும். விகிதம் நகராது, இரைச்சல் மட்டும் பெருகும். அதனால் எச்சரிக்கை வரம்பைச் சிக்னல் வலிமைக்கேற்ப அகலப்படுத்த வேண்டும். நிலையான வரம்பு வைப்பது சோம்பேறித்தனம்.

இரைச்சலைக் குறைக்க இந்த அளவீடுகளுக்கு 100 விநாடி சராசரி எடுத்தால், ஏபிவி-1 என்ற தரையிறங்கும் அணுகுமுறைக்கான 10 விநாடி எச்சரிக்கைக் கெடு தப்பாதா என்று கேட்கலாம். விமான ரிசீவரும் அதே 100 விநாடிக்குச் சராசரி எடுக்கிறது. பிழை அங்கேயும் மெல்லத்தான் கசியும். கெடு ஓடத் தொடங்குவது கோளாறு பிறந்த கணத்தில் அல்ல, விமானத்தின் பிழை வரம்பு மீறும் கணத்தில்.