யார் உடலுக்கு எந்த அங்கி

கதிர்வீச்சுக் காப்பு அங்கி வாங்குவதற்கான விவரக்கூற்றைப் பெரும்பாலும் ஒரே வரியில் எழுதி முடித்துவிடுவார்கள்: ஈயச் சமவலு (அதே அளவு கதிரைத் தடுக்கும் ஈயத் தகட்டின் தடிப்பு) 0.5 மில்லிமீற்றர், நடுத்தர அளவு, இத்தனை எண்ணிக்கை. திருகோணமலையில் கதிர்ப்படப் பிரிவொன்றில் நீண்ட காலமாகப் பணிபுரியும் எனக்கு, அந்த வரியில் விடுபட்டுப்போவது அங்கியை அணியப்போகிறவரின் உடல் என்றே படுகிறது. அங்கி எவ்வளவு கதிரைத் தடுக்கும் என்று கேட்கிறோம். அதைச் சுமந்துகொண்டு ஒரு தாதி எவ்வளவு நேரம் நிமிர்ந்து நிற்பார் என்று கேட்பதில்லை. எங்கள் பிரிவுக்கும் சத்திரசிகிச்சைக்கூடத்துக்கும் புதிய அங்கிகளைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பில் எனக்கும் பங்கு கிடைத்தபோது, இந்தக் கேள்வியையே முதலில் முன்வைத்தேன்.

எங்கள் ஊழியர்மீது விழுவது பெரும்பாலும் குழாயிலிருந்து நேரே வரும் கதிர் அன்று, நோயாளியின் உடலில் பட்டுச் சிதறி வரும் கதிர். ஒரு மீற்றர் தள்ளி நிற்பவரை வந்தடைவது, நோயாளியின் உடலில் விழும் அளவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் கையாளும் கணக்கு. தூரத்தை இரட்டித்தால் அதுவும் நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும். ஆகவே நகரும் எக்ஸ்றே இயந்திரத்தை நோயாளர் விடுதிக்குக் கொண்டுபோய், வயரின் முழு நீளத்துக்கும் விலகி நின்று பொத்தானை அழுத்துகிற ஊழியரின் தேவை ஒன்று. தொடை எலும்புக்குக் கம்பி போடும் சத்திரசிகிச்சையில், சத்திரசிகிச்சையின்போதே எக்ஸ்றே படத்தைத் திரையில் காட்டும் சி-ஆம் இயந்திரத்தின் பக்கத்தில், நோயாளியைத் தொட்டுக்கொண்டே மணிக்கணக்காக நிற்கிறவரின் தேவை வேறு. இருவருக்கும் ஒரே அங்கியை வாங்கிக் கொடுத்தால், ஒருவருக்கு வீண் சுமையும் மற்றவருக்குப் போதாத காப்புமே மிஞ்சும்.

சுமை என்று சொல்லும்போது எண்களையும் சொல்ல வேண்டும். வழக்கமான எக்ஸ்றே மின்னழுத்தங்களில் 0.25 மில்லிமீற்றர் ஈயச் சமவலு கொண்ட அங்கியே சிதறிய கதிரில் பத்தில் ஒன்பது பங்கை அல்லது அதற்கும் மேலானதைத் தடுத்துவிடும். 0.5 மில்லிமீற்றருக்குப் போனால் எஞ்சிய சிறு பங்கிலும் பெரும்பகுதி நின்றுவிடும், ஆனால் காப்புப் படலத்தின் எடை ஏறத்தாழ இரண்டு மடங்காகும். உடலைச் சுற்றி மூடும் 0.5 மில்லிமீற்றர் ஈய அங்கி ஐந்து, ஆறு கிலோவைத் தாண்டுவது சாதாரணம். அந்த எடை முழுவதும் இரண்டு தோள்களில் தொங்குவதால், பிடரியும் நடுமுதுகும் நாளடைவில் நோகத் தொடங்குகின்றன. எலும்பியல் சத்திரசிகிச்சை நாட்களில் நான் கவனித்துப் பார்த்த ஒன்று உண்டு. கருவிகளைக் கையில் எடுத்துக் கொடுக்கும் தாதி, கிருமிநீக்கிய மேலாடை அணிந்திருப்பதால் அங்கியின் பட்டியைத் தொட முடியாமல், ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு உடலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருப்பார். வெளியே நின்று பொருள் எடுத்துத் தரும் தாதிக்குக் கை சும்மா இருப்பதால், கதிர் நின்ற ஒவ்வொரு இடைவேளையிலும் இரண்டு கட்டைவிரல்களையும் தோள்பட்டிக்குக் கீழே செருகி, சுமையை ஓர் அங்குலம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு விடுவார்.

அவரே ஒருநாள் என்னிடம், “சேர், முன்பக்கத்தை மட்டும் மூடி என்ன பிரயோசனம்? பாதி நேரம் நான் அலுமாரிப் பக்கம் திரும்பித்தானே நிக்கிறன்” என்றார். அது மறுக்க முடியாத பேச்சு. முன்பக்கம் மட்டும் மூடும் அங்கி, நோயாளியை நோக்கியே நிற்பவருக்கு எடை குறைந்த நல்ல தெரிவு. ஆனால் அறைக்குள் நடமாடிக்கொண்டே இருப்பவருக்கு, அவர் திரும்பும் கணத்தில் அது எதையும் மறைப்பதில்லை. மேற்சட்டையும் பாவாடையுமாக இரண்டு துண்டாக வரும் அங்கியை நாங்கள் பரிசீலித்தது இதனால்தான். சுற்றிவர 0.25 மில்லிமீற்றரும், இரண்டு ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் முன்பக்கத்தில் 0.5 மில்லிமீற்றருமாக அது அமைகிறது. பாவாடையின் எடையை இடுப்பெலும்பு தாங்கிக்கொள்ளுவதால் தோள்களுக்கு மேற்சட்டை மட்டுமே மிஞ்சுகிறது. ஒற்றைத் துண்டு அங்கிதான் வேண்டுமென்றால், அகலமான பட்டியை இடுப்பில் இறுக்கிக் கட்டக்கூடியதாக வாங்க வேண்டும்; பட்டி இல்லாத அங்கியை நீண்ட நேர வேலைக்கு நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

அளவு என்பது இங்கே மிகவும் அலட்சியப்படுத்தப்படும் விடயம். எங்கள் தாதியரில் பலர் சிறிய உடல்வாகு கொண்டவர்கள். நடுத்தர அளவு என்று வரும் அங்கி, முழங்காலுக்குக் கீழே இறங்கி நடையைத் தடுக்கும். அதைவிட மோசமாக, கைவழி அகன்று தொங்கும். மேசைக்குப் பக்கவாட்டில் நின்று கையை நீட்டும்போது அந்த இடைவெளியால் கதிர் நுழையக்கூடிய இடம் மார்பின் மேற்புற வெளிப்பகுதி. மார்பகப் புற்றுநோய் அதிகம் தோன்றும் பகுதியும் அதுவே என்பதால், பெண் ஊழியரின் கைவழியைச் சரிபார்க்காமல் அங்கி வாங்குவதைப் பொறுப்பற்ற செயலாகவே கருதுகிறேன். கழுத்துக் காப்பையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வரும் முஸ்லிம் சகோதரிகள் தலைத்துணியின் மடிப்புக்கு மேல் கழுத்துக் காப்பைக் கட்டும்போது, ஒன்றில் அது தொண்டையை அழுத்துகிறது, அல்லது தைரொயிட் சுரப்பிக்கு மேலே விலகி நிற்கிறது. ஒட்டுப்பட்டி நீளமாகவும், விளிம்பு மென்மையாகவும் உள்ள கழுத்துக் காப்பைத் தேடிப் பெற்றபின்தான் அவர்கள் முணுமுணுப்பின்றி அணியத் தொடங்கினார்கள்.

எடையைக் குறைக்க ஈயமில்லா அங்கிகள் வந்திருக்கின்றன. ஆன்டிமனி, வெள்ளீயம், டங்ஸ்டன், பிஸ்மத் முதலியவற்றைக் கலந்து செய்யப்படும் இவை உண்மையிலேயே இலகுவானவை. பாவித்து முடிந்தபின் கழிவாக அகற்றும்போது ஈயத்தின் நச்சுத்தன்மை பற்றிய கவலையும் இல்லை. ஆயினும் சீட்டில் எழுதியிருக்கும் ஈயச் சமவலு எந்த மின்னழுத்தத்தில் அளக்கப்பட்டது என்று கேட்காமல் வாங்கக் கூடாது. ஆன்டிமனி 30 கிலோ இலத்திரன்வோல்ற்றுக்குச் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) சற்று மேலிருந்து கதிரை நன்றாக உறிஞ்சும், ஆற்றல் கூடக்கூட அந்தத் திறன் தளரும். ஈயத்தின் உறிஞ்சல் 88 கிலோ இலத்திரன்வோல்ற்றில் மீண்டும் ஒருமுறை பாய்ந்து உயரும். குழாயின் மின்னழுத்தம் கூடினால் கதிரின் ஆற்றலும் கூடும் என்பதால், 80 கிலோவோல்ற்றில் ஈயத்துக்கு நிகராக நிற்கும் அங்கி, 110 கிலோவோல்ற்றில் பின்தங்கலாம். அத்துடன், இலகுவான தனிமங்கள் கதிரை உறிஞ்சியபின் தாமே மெல்லிய இரண்டாம்நிலைக் கதிரை உமிழ்வதால், உடலை ஒட்டிய பக்கத்தில் கனமான தனிமப் படை இருக்கும்படி அடுக்கப்பட்டதே நல்லது. எங்களிடம் மாதிரி கொண்டுவந்த விற்பனையாளர் ஒருவரால் இந்த மின்னழுத்தக் கேள்விக்குப் பதில் தர முடியவில்லை. அங்கி கைக்கு எவ்வளவு இலகுவாக இருந்தபோதும் அதை ஒதுக்கிவைத்தோம்.

இந்த ஊரின் வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில், குளிரூட்டிய அறையைவிட்டு நகரும் இயந்திரத்தோடு திறந்த நடைபாதை வழியாக விடுதிக்குப் போகும்போது அங்கியின் உட்புறம் நனைந்துவிடும். வியர்வை ஊறிய அங்கியை அடுத்தவர் எப்படி விருப்பத்தோடு அணிவார்? ஈரத் துணியும் மென்சவர்க்காரமும் கொண்டு துடைத்து உடனே உலர்த்தக்கூடிய, தையல் வழியே நீர் உள்ளிறங்காத உறையைக் கேட்டு வாங்கினோம். துடைத்ததைக் கதிரையின் முதுகில் மடித்துப் போடுவதை நிறுத்தி, அகலமான கொழுவிகளைச் சுவரில் பொருத்தினோம். மடிப்பில்தான் காப்புப் படலம் வெடிக்கிறது. ஒதுக்கிவைத்த பழைய அங்கியொன்றைத் திரைக்காட்சி எக்ஸ்றேயில் வைத்துப் பார்த்தபோது, இடுப்பு மடிந்த இடத்தில் குறுக்காக ஓடிய வெடிப்பு, வெளியுறை புதிதுபோல் இருக்க, திரையில் தெளிவாகத் தெரிந்தது. ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லா அங்கிகளையும் அப்படிப் பார்க்க வேண்டும்.

இறுதித் தெரிவை அலுவலக மேசையில் வைத்துச் செய்ய நான் சம்மதிக்கவில்லை. மாதிரி அங்கிகளைச் சத்திரசிகிச்சைக்கூடத்தில் முழு நாள் வேலைக்கு அணியக் கொடுத்து, மாலையில் தாதியர், சிற்றூழியர், மயக்கமருந்து வைத்தியர் என எல்லோரிடமும் எங்கே நொந்தது, எங்கே இடித்தது என்று கேட்டோம். கொள்வனவுப் பகுதியினர் ஒரே அளவில் வாங்கினால் விலை குறையும் என்றார்கள். அணியாமல் கொழுவியில் தொங்கும் அங்கிக்குச் செலவழித்த பணம் முழுவதும் நட்டம்தானே என்று விளக்கியபின், மூன்று அளவுகளுக்கு ஒத்துக்கொண்டார்கள்.

இப்போது எங்கள் முன்னால் இருப்பது கண்ணைக் காக்க அணியும் ஈயக் கண்ணாடி. கண்வில்லைக்கான பணிசார் கதிர்வரம்பை ஆண்டுக்கு 150 மில்லிசீவேற்றிலிருந்து (உடல் ஏற்கும் கதிரை அளக்கும் அலகு), ஐந்தாண்டுச் சராசரியாக 20 மில்லிசீவேற்றுக்குக் குறைக்கும்படி சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணைக்குழு 2011இல் பரிந்துரைத்தது. சி-ஆம் பக்கத்தில் நிற்கும் எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர்களில் சிலர் ஏற்கெனவே பார்வைக் கண்ணாடி அணிபவர்கள். அதற்கு மேலே போடக்கூடியதா, பார்வைத்திறன் சேர்த்தே செய்ததா, பக்கவாட்டுக் காப்பு உள்ளதா, மூக்கில் எவ்வளவு நேரம் தாங்கும் என்றெல்லாம் கேட்டெழுதிய தாளை, அடுத்த விலைமனுவுக்கான கோப்பில் சேர்த்திருக்கிறேன்.